சலவைக் கடை அறிக்கை

பிப்ரவரி 4

பதினொன்றுக்கு,

மூன்று எழுதுவது. பயிற்சிப் பள்ளியில் யார் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? தேர்வில் எத்தனையாவது இடமோ, அதுதான் பெயர். பதினேழு வருடம் கழித்து அந்தப் பெயரை எடுக்கக் காரணம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை உங்கள் மனைவி எழுதவில்லை. உங்களோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் எழுதுகிறாள். வீட்டு விஷயம் கடைசியில் இருக்கிறது. அவசரமென்றால் அதை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

தீர்ப்பு வந்துவிட்டது. வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும் என்ற விதி செல்லாதாம். நேற்று பயிற்சி மையத்தில் வகுப்புச் சுவரில் உலக வரைபடத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சுப் பெண் பத்திரிகையோடு ஓடி வந்தாள்.

"மேடம், உங்களைப் பத்திப் போட்டிருக்காங்க!"

"என்னைப் பத்தி எதுக்கும்மா போடப்போறாங்க?"

"உங்களை மாதிரி பதினாலு பேராம் மேடம். திரும்பச் சேத்துக்கப் போறாங்களாம்!"

கையிலிருந்த ஆணி எங்கே விழுந்தது என்று இன்னும் தெரியவில்லை. என்னிடம் படித்தவர்கள் நாலு பேர் இப்போது உங்கள் துறையில் இருக்கிறார்கள். ஏணியாகவே இருந்து பழகிவிட்டது. திடீரென்று ஏறு என்றால் முதல் படி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

அமைச்சகம் சுற்றறிக்கையும் விட்டுவிட்டது. நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், இருக்கிறேன். பழைய பணிப் பதிவேட்டில் கறை இருக்கக் கூடாது, இல்லை. சிக்கல் விண்ணப்பத்தின் ஏழாவது கட்டத்தில். வேலையை விட்ட பிறகும் துறையின் பணியில் பங்கு இருந்ததற்குச் சான்று வேண்டுமாம். அதற்கு உங்களிடமிருந்து ஒரு பத்தி வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், வெளிநாட்டில் நம் இரண்டாவது ஊரில், நான் திரைச்சீலைகளைச் சலவைக் கடையில் போட்டிருந்தேன். கட்டை விரலில் சூட்டுத் தழும்போடு ஒரு அம்மாள் அங்கே இருப்பாள். அன்று அவளுக்கு ஒரே புலம்பல். ராணுவ அதிகாரிகள் வீட்டுப் பெண்கள் அந்த வாரம் வரிசையாக வந்து, காய்ந்தும் காயாமலும் சீருடைகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். "நாளைக்கு வாங்க, இஸ்திரி போட்டுத் தரேன்னா கேக்கவே மாட்டேங்கறாங்க. அணிவகுப்பும் கிடையாது, விழாவும் கிடையாது. கசங்கின துணியைப் போட்டுக்கிட்டு அப்படி எங்கதான் போறாங்களோ!" என்றாள். நான் வீட்டுக்கு வந்து, ராணுவம் கிளம்பப்போகிறது என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் உட்கார்ந்து எழுதினேன். பத்து நாளுக்குள் என்று எழுதியதும் நான்தான். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்கள். ஒன்பதாம் நாள் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, வானொலி நிலையத்து வாசலில் டாங்கி நின்றது. அதற்குள் நம் நாட்டு நர்சுகள், ஆசிரியர்கள், ஆலைத் தொழிலாளிகள் அறுநூறு பேரையும் பெரிய சாலைப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தோம். ஒருவருக்கும் ஒரு கீறல் கூட இல்லை.

அந்த அறிக்கையை எழுதியது நான் என்று ஒரு பத்தி. அவ்வளவுதான். மார்ச் 15 கடைசி நாள். வெளிநாட்டுச் சான்று எப்போது வந்து சேர்ந்தாலும் பரவாயில்லையாம், கடிதங்கள் வரும் தூதரகப் பை தாமதமாவது அவர்களுக்கும் தெரியும். தாளில் இருக்கும் தேதி 15க்குள் இருந்தால் போதும்.

வீட்டு விஷயம்: நம் பெண் வாண்டு கணக்கில் முப்பத்தெட்டு மார்க். பதினாலு வயதில் அம்மாவுக்கும் கணக்கு வராது என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்று


பிப்ரவரி 13

மூன்றுக்கு,

உன் 4ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. அதில் கண்ட விஷயங்களைக் கவனமாகப் படித்தேன். தீர்ப்பு மகிழ்ச்சிக்குரியது. காலம் கடந்தாவது நீதி கிடைத்தது குறித்து நானும் திருப்தி அடைகிறேன்.

இங்கே தூதர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அடுத்தவர் வரும்வரை பொறுப்பு என்னுடையது. அவர் வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். ஏழு அறைகள். மேஜை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றுக்கும் அடியில் பெயின்டில் எண் எழுதியிருக்கிறது. நான் 22ஆம் எண் கட்டிலில் படுத்து, 14ஆம் எண் நாற்காலியில் சாப்பிடுகிறேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு அறையில் மழை ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறோம். என் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. பிரித்து அடுக்கினால் கிளம்பச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம், அடுக்காவிட்டால் நாம் இங்கே இருக்கிறோமா என்ற சந்தேகம்.

ஒரு செய்தி. நிச்சயமில்லை, வாண்டுவிடம் சொல்லாதே. அடுத்த தூதர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம்.

உன் கோரிக்கையைப் பொறுத்தவரை, அதன் எல்லா அம்சங்களையும் ஆராய்ந்து வருகிறேன். இதற்கிடையில் பொதுவான ஒரு சான்று தருவதில் எனக்குத் தடையில்லை. நாலு மொழி பேசுவாய், விருந்துகளைச் சிறப்பாக நடத்தினாய், தூதரகக் குடும்பங்களுக்கு உதவியாக இருந்தாய் என்று எழுதலாம். அது போதுமா என்று தெரிவிக்கவும்.

வாண்டுவுக்கு டியூஷன் வைக்கலாமா?

பதினொன்று


பிப்ரவரி 22

இந்த வீடு அந்தத் தூதரகத்துக்குத் தன் மேலான மரியாதையைத் தெரிவித்துக்கொள்வதோடு, தங்கள் 13ஆம் தேதிக் கடிதத்தில் ஒன்றுமே இல்லை என்பதைத் தெரிவிக்கும் பெருமையையும் அடைகிறது.

ஐயா, நானும் இரண்டு வருடம் அந்த வேலை பார்த்தவள். "எல்லா அம்சங்களையும் ஆராய்ந்து வருகிறேன்" என்றால் முடியாது என்று பொருள், அதை எனக்கே எழுதுகிறீர்களா? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

நேற்று நீங்கள் போன் செய்தபோது வாண்டுவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். தூதரக லைனில் எப்போதும் மூன்றாவது காது உண்டு என்று சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். ஆனால் நான் எழுந்து போனது அதனால் இல்லை. பேச்சில் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். எழுத்தில் நான். அதனால் இது எழுத்திலேயே நடக்கட்டும்.

விருந்துகளைச் சிறப்பாக நடத்தினேன் என்று சான்று தரப்போகிறீர்கள். அந்த விருந்துகளில்தானே உங்களுக்கு "லாண்டரி" என்று பெயரே வந்தது! தட்டை ஏந்திக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்பேன். "ஒரு நாள் நான் சலவைக் கடைக்குப் போயிருந்தேன், அங்கே பெரிய மீசை வைத்த ஒரு ஆள்..." என்று ஆரம்பிப்பீர்கள். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கடை எந்தத் தெருவில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? இந்த வாழ்க்கையில் நீங்கள் ஒரு சட்டையையாவது சலவைக்குப் போட்டதுண்டா? மூன்றாவது ஊருக்குப் போவதற்குள் மீசைக்காரருக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது, போரில் செத்த ஒரு மகனும் வந்துவிட்டான். அந்த அம்மாள் காணாமலே போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் நானும்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. நல்ல பெயர் மட்டும் உங்களுக்கு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் ராஜினாமாக் கடிதம் எழுதியபோது, பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். "இந்த விதி ஒரு நாள் போகும், அன்னிக்கு நானே உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்" என்றீர்கள். நான் அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றாம் இடம் வாங்கினவளுக்கு இவ்வளவு புத்திதான்.

விதி போய்விட்டது. கை எங்கே?

வாண்டுவுக்கு டியூஷன் வேண்டாம். நான் சொல்லித் தருகிறேன்.


மார்ச் 5

மூன்றுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. நாளைக்குப் பை கிளம்புகிறது, இனி கிழிக்க நேரமில்லை.

நீ சொன்னது எல்லாம் உண்மை. மீசை உள்பட.

ஆனால் நீயும் ஒன்றை நினைத்துப் பார். அன்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் தயங்கினேன். "யார் பேர்ல போனா என்ன, போய்ச் சேந்தா சரி" என்று நீதான் சொன்னாய். அறுநூறு பேர் விஷயம் என்றாய். உன் பெயரில் அனுப்ப அன்று வழியும் இல்லை, நீ அப்போது அதிகாரி இல்லை. நான் திருடவில்லை. நீ கொடுத்தாய், நான் வைத்துக்கொண்டேன். திருப்பித் தர வேண்டிய நாள் வரும் என்று நினைக்கவில்லை, அதுதான் என் தப்பு.

தேர்வுக் குழு 20ஆம் தேதி கூடுகிறது. ஆறு பெயர்களில் என்னுடையது இரண்டாவதாம். நம் கூடப் படித்தவர்களில் ஏழு பேர் தூதராகிவிட்டார்கள். நான் இரண்டு தடவை பட்டியலில் ஏறி இறங்கியவன். இந்த நேரத்தில், பிரபலமான அந்த அறிக்கை என்னுடையது இல்லை என்று என் கைப்பட ஒரு தாள் போனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று அனுப்பியவன் என்று ஒரு வரி விழுந்தால் போதும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தக் கூட்டத்திலும் என்னை அறிமுகம் செய்தால், "இவர்தான் லாண்டரி" என்றுதான் சொல்கிறார்கள். பதினேழு வருடத்தில் நான் எழுதிய நூற்றுக்கணக்கான அறிக்கைகளில் வேறு எதையாவது யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா? அதையும் எடுத்துவிட்டால் நான் யார்? ஒழுகுகிற வீட்டில் பாத்திரம் மாற்றி வைக்கிற ஆள்.

ஒரு மாதம் அவகாசம் கேட்டுப் பார். 20க்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். இதைத் தவிர வேறு எதையும் நான் உன்னிடம் கேட்டதில்லை என்று எழுத வந்தேன், அது உண்மையில்லை என்பதால் எழுதவில்லை.

பதினொன்று


மார்ச் 9

பதினொன்றுக்கு,

உங்கள் 5ஆம் தேதிக் கடிதத்தை இன்று அமைச்சகத்தில், பைகள் பிரிக்கும் ஜன்னலிலேயே வாங்கி, தாழ்வாரத்தில் நின்று படித்தேன். விண்ணப்பம் கொடுக்கப் போயிருந்தேன்.

அவகாசம் கேட்டேன். நீங்கள் சொல்லி நான் கேட்காமல் விட்டேன் என்று இருக்க வேண்டாம். நிர்வாகப் பிரிவில் இப்போது யார் தெரியுமா? முட்டுக்கட்டை என்று நாம் பெயர் வைத்தோமே, அவர்தான். அதே ஆள், அதே சுழல் நாற்காலி, தலை மட்டும் நரைத்திருக்கிறது. "ஏழாவது கட்டம் காலியா இருக்கே மேடம்?" "சான்று பின்னாடி வரும் சார். ஒரு மாசம் டைம் கிடைக்குமா?" "ஒரு மாசமா? பதினாலு பேர்ல பதிமூணு பேர் எல்லாத்தையும் கொடுத்தாச்சு மேடம். உங்களுக்கு மட்டும் காலண்டரை நிறுத்தி வைக்க முடியுமா?" சரிதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் கேட்கவில்லை. இரண்டு மாடி ஏறி இறங்கினேன், ஒரே தாழ்வாரத்தில் மூன்று தடவை நடந்தேன். காவலர் சந்தேகமாகப் பார்த்ததும் ஆவண அறைக்குள் நுழைந்துவிட்டேன். அந்த அம்மா இன்னும் இருக்கிறார். நாம் சேர்ந்த புதிதில் நமக்குக் கோப்பு கட்டச் சொல்லிக் கொடுத்தாரே, அவர்தான். அடுத்த வருடம் ஓய்வாம். நான் வாயைத் திறக்கும் முன்னால், "தெரியும், ஏழாவது கட்டந்தானே?" என்றார். உள்ளே போய்ப் பழைய கோப்பு ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தார். ரகசிய முத்திரையெல்லாம் போன வருடமே நீக்கிவிட்டார்களாம்.

நாற்பதாம் பக்கம், உங்கள் கையெழுத்தோடு டைப் அடித்த அறிக்கை. நாற்பத்தொன்றாம் பக்கம், பென்சிலில் எழுதிய வரைவு. என் கையெழுத்து. அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே. "ஒரு வாரத்துக்குள்" என்று எழுதி அடித்து, "பத்து நாளுக்குள்" என்று திருத்தியிருக்கிறேன். மேலே உங்கள் பேனாவில் 41 என்று எண், உங்கள் இனிஷியல், அன்றைய தேதி.

அம்மா தாளைத் திருப்பிக் காட்டினார். வாண்டு வரைந்த யானை. ஐந்து கால். அன்று கைக்கு அகப்பட்ட தாளில் எழுதியிருக்கிறேன் போல. யானைக்கும் 42 என்று எண் கொடுத்து, அதற்கும் ஓர் இனிஷியல் போட்டிருக்கிறீர்கள்!

தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டேன். வரைவு இருந்தால் அதைக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்பது விதி. அதற்காக? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பூசணிக்காய்க்குப் பக்க எண்ணும் போட்டு வைத்த மனுஷன் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். நுணல் தன் வாயால் கெடும், நீங்கள் உங்கள் ஒழுங்கால் கெட்டீர்கள்.

"இது பொம்பளைக் கையெழுத்துன்னு அன்னிக்கே தெரியும்மா. ஆனா யாரு எழுதினாங்கன்னு கேக்கறது எங்க வேலை இல்ல. கிழியாம வெக்கறதுதான் எங்க வேலை" என்றார். "கோப்பை வரவழைங்கன்னு குழுகிட்ட ஒரு வரி எழுதிக் கொடுங்க. போதும்."

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு இனி உங்கள் பத்தி தேவையில்லை. கேட்டால் அந்தப் பக்கமே பேசும். ஆனால் நான் அந்த ஒரு வரியை எழுதவில்லை. கோப்பைத் திரும்ப அடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நேர்காணல் ஏப்ரலில்தான், அங்கேயும் கேட்கலாமாம். அதுவரை பொறுக்கிறேன். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். இது வேலைக்காக இல்லை. என்னோடு பதினைந்து வருடம் குடித்தனம் நடத்தியது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கடிதம் 13ஆம் தேதி உங்கள் கையில் இருக்கும். 15க்கு இரண்டு நாள்.

மூன்று


மார்ச் 17

மூன்றுக்கு,

சான்று இத்துடன் இருக்கிறது. நீ கேட்டது ஒரு பத்தி, நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். சலவைக் கடை அம்மாள் இருக்கிறார், கட்டை விரல் தழும்பு இருக்கிறது, நான் சிரித்தது இருக்கிறது. மீசை இல்லை.

தேதியைப் பார்த்திருப்பாய். 17. இரண்டு நாள் தாமதம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

விமான நிலையத்தில் வேலைநிறுத்தம். வெள்ளிக்கிழமை வர வேண்டிய பை நேற்று, திங்கள்கிழமைதான் வந்தது. உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். யானை வரைக்கும் வந்தபோது 14ஆம் எண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாளுக்கு எண் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது உன் கையெழுத்து என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவே இல்லை. எனக்கு அது ஒரு வரைவு, அவ்வளவுதான். அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை சான்றை எழுதி முடித்துத் தேதி போடப் போனேன். பேனா தானாக 12க்குப் போனது. 12 என்று போட்டால் அலுவலகத்தில் எல்லாம் சரியாகிவிடும், முட்டுக்கட்டை வாயைத் திறக்க முடியாது. பை தாமதம் ஊருக்கே தெரியும். உன்னிடமும் சரியாகிவிடும். உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நானாக எழுதினேன் என்று நீ நினைத்துக்கொள்வாய். இந்த வேலையில் இந்த மாதிரித் தேதிகளை எத்தனையோ போட்டிருக்கிறேன்.

போட முடியவில்லை. நீ கேட்டது, நானாகச் சொல்கிறேனா என்று. நானாகச் சொல்லவில்லை. 13ஆம் தேதிப் பையில் நான் எதையும் வைக்கவில்லை. 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஏழு அறைகளிலும் நடந்துகொண்டே இருந்தேன், நாள் முடிந்ததும் அப்பாடா என்று இருந்தது. உன் கடிதம் வந்திருக்காவிட்டால் 20ஆம் தேதிவரை வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். மாட்டிக்கொண்ட பிறகு எழுதுகிறேன். உன்னோடு குடித்தனம் நடத்தியது இந்த ஆள்தான்.

12 என்று போட்டிருந்தால் உனக்கு வேலை கிடைத்திருக்கும், புருஷன் கிடைத்திருக்க மாட்டான். வேலைக்கு உன்னிடம் நாற்பத்தொன்றாம் பக்கம் இருக்கிறது. கேட்டு வாங்கு.

சான்றின் நகலைத் தேர்வுக் குழுவுக்கு இன்று நானே தந்தியில் அனுப்பிவிட்டேன். அவர்கள் வேறு யார் வாயாலும் கேட்க வேண்டாம்.

பதினொன்று


ஏப்ரல் 2

மூன்றுக்கு,

பெயரை எடுத்துவிட்டார்கள். பட்டியலில் ஐந்து பேர். எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. நல்ல நடை, யார் எழுதியிருப்பார்கள் என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். உன்னிடம் படித்தவர்களில் ஒருவராக இருக்கலாம்.

திரும்பி வரச் சொல்லி உத்தரவு. ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பாம். சிரித்துக்கொள்.

நன்றாகத் தூங்கினேன் என்று எழுதினால் நம்ப மாட்டாய். தூங்கவில்லை. கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு நிமிடம் உன் மேல், அடுத்த நிமிடம் அந்த யானை மேல். பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. புதிய தூதர் மே முதல் வாரம் வருகிறார், ஐந்தாவது பெயர்க்காரர். அவருக்கு ஒழுகும் இடங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

உன் நேர்காணல் எப்போது? கேட்க எனக்கு என்ன உரிமை என்று நீ கேட்கலாம். கேட்கிறேன்.

பதினொன்று


ஏப்ரல் 19

பதினொன்றுக்கு,

கிடைத்துவிட்டது.

வரிசையாகச் சொல்கிறேன், எனக்கே இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நேர்காணலுக்கு முந்தின நாள் முட்டுக்கட்டை கூப்பிட்டு, உங்கள் சான்றை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மேலே சிவப்பில் "காலம் கடந்தது" என்று முத்திரை. "ரெண்டே ரெண்டு நாள் மேடம். சார் தேதியைக் கொஞ்சம் முன்னாடி போட்டிருக்கக் கூடாதா? எல்லாரும் செய்யறதுதானே?" என்றார். "அவருக்கு அதெல்லாம் வராது சார்" என்றேன். பொய். உங்களுக்கு நன்றாக வரும். ஆனால் அன்று வரவில்லையே, அதை வைத்துத்தான் சொன்னேன். பதினைந்து வருடத்தில் வெளியாள் ஒருவரிடம் உங்களைப் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

குழுவிடம் கோப்பை வரவழைக்கச் சொன்னேன். ஆவண அறை அம்மா தானே எடுத்து வந்தார். தலைவர் நாற்பத்தொன்றைப் படித்தார், திருப்பினார், யானையைப் பார்த்தார். "இது என்ன, சங்கேதமா?" என்றார். "என் பொண்ணு சார்" என்றேன். சிரித்துவிட்டார். அப்புறம் அரை மணி நேரம் சலவைக் கடையைப் பற்றியே கேட்டார்கள். அந்த அம்மாள் என்ன சொன்னாள், எந்த வார்த்தையில் சொன்னாள், நான் அவளிடம் வேறு என்ன கேட்டேன். ஒன்பது வருடமாக ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்விகள். நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பழைய வரிசைப்படியே சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் உங்களைவிட எட்டு இடம் மேலே. சின்னத் தூதரகம், கடினமான ஊர், மொத்தம் நாலே அதிகாரிகள். மே 8, வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். நீங்கள் 7ஆம் தேதி மாலை வருகிறீர்களாம், ஆவண அறை அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "வரட்டும், தாளுக்கு நம்பர் போட ஆள் இல்லாம தவிக்கிறோம்" என்கிறார்.

வாண்டு உங்களோடு இருப்பாள். "நம்பர் போடாம அப்பாவுக்கு எதையும் வெக்கத் தெரியாதே, முட்டைக்கெல்லாம் இனிஷியல் போடுவாராம்மா?" என்று கேட்கிறாள். நீங்கள் வருவதில் அவளுக்குச் சந்தோஷம், நான் போவதில் அழுகை, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறாள். கணக்கு இனி உங்கள் பொறுப்பு.

நமக்கு ஒரே ஒரு மாலைதான் இருக்கும். அதில் எல்லாவற்றையும் பேசி முடிக்க முடியாது. மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். மீசைக்காரர் கதையை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. 13ஆம் தேதிப் பை காலியாகப் போனதும் அப்படித்தான். ஆனால் 17 என்று போட்ட அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. அமைச்சகத்துக்கு அது வேண்டாமாம், எனக்கு வேண்டும். பெட்டியில் முதலில் அதைத்தான் வைத்தேன்.

இன்று காலை புடவைகளைத் தெருக்கோடி இஸ்திரிக் கடையில் போட்டேன். எங்கோ தூரமாகக் கிளம்புகிறேன் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது போல. "அவசரம்னா சொல்லுங்கம்மா, இன்னிக்கே தந்துடறேன்" என்றார். ஒன்றும் அவசரமில்லை, மடிப்புக் கலையாமல் நிதானமாகவே போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று